சும்மா கிடப்பதாகத் தெரியும் ராம்

“அண்ணா, சர்வர்ல 64 ஜிபி ராம் இருக்கு. டாஷ்போர்டுல பார்த்தா 15 சதவீதம்தான் ஓடுது. மிச்சத்துல பாதியை ராம் டிஸ்கா மாத்தி, மொத்த சைட்டையும் அதுல தூக்கி வெச்சுட்டா பறக்காதா?”

அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில், கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். சர்வரோடு பழகுகிற எவருக்கும் ஒரு கட்டத்தில் வந்தே தீரும் கேள்வி. ‘பெரும்பாலும் பறக்காது’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் ஏன் பறக்காது என்று புரிந்துவிட்டால், இதே மாதிரியான அடுத்த பத்துக் கேள்விகளுக்கு அவனே பதில் கண்டுபிடித்துவிடுவான். அதனால் நிதானமாகவே பேசினோம்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ராமிலிருந்து ஒரு துண்டுத் தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செகண்டு ஆகும். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியில் சுமார் 100 மைக்ரோ செகண்டு. அதாவது ஆயிரம் மடங்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்கில் தட்டு ஒரு முறை சுழன்று வரவே 8.3 மில்லி செகண்டு வேண்டும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு படிப்புக்குச் சராசரியாக 10 மில்லி செகண்டு அளவில் நிற்கும். ராமோடு ஒப்பிட்டால் அது லட்சம் மடங்கு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் ராம் டிஸ்க் ஆசை வரத்தான் செய்யும். செய்வதும் சுலபம். லினக்ஸில் டெம்ப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இருக்கிறது. ஒரே ஒரு மவுண்ட் கட்டளையில் ராமின் ஒரு பகுதி டிஸ்க் மாதிரி ஒரு அடைவாக வந்து நின்றுவிடும்.

“சரி, லேப்டாப்பைத் திற. அந்த சர்வருக்குள்ள போய் ‘ஃப்ரீ’ அடி” என்றேன்.

திரையில் வந்தது இது: மொத்தம் 62 ஜிபி. பயன்பாட்டில் 9. காலியாக 2. ‘பஃப்/கேஷ்’ என்ற பத்தியில் 51. கடைசியில் ‘அவெய்லபிள்’ என்று 52.

அவன் காலி 2 என்பதைப் பார்த்துத் திகைத்தான். டாஷ்போர்டு 15 சதவீதம்தான் பயன்பாடு என்கிறது, இங்கே காலியாகவோ 2 ஜிபிதான். இரண்டும் உண்மை. நிரல்கள் தங்களுக்கென்று கேட்டு வாங்கியது 9 ஜிபி. மிச்ச இடத்தை லினக்ஸ் கெர்னல் சும்மா விடுவதே இல்லை. எந்தக் கோப்பைப் படித்தாலும், படித்த பக்கங்களை ராமிலேயே வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே கோப்பை யார் கேட்டாலும் டிஸ்க் பக்கம் போகாமல் அங்கிருந்தே கொடுத்துவிடுகிறது. இதற்குப் பெயர் பேஜ் கேஷ். அந்த 51 ஜிபி இதுதான். ஏதாவது நிரலுக்குத் திடீரென்று ராம் தேவைப்பட்டால், கேஷில் வெகுநேரமாக யாரும் தொடாத பக்கங்களைத் தூக்கி எறிந்து இடம் கொடுக்கும். ‘அவெய்லபிள் 52’ என்பதன் பொருள் அதுதான்.

அதாவது, அவன் செய்ய நினைத்ததைக் கெர்னல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதுவும் மிச்சத்தில் பாதியான 27 ஜிபியில் இல்லை, 51 ஜிபியில்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணாச்சி அடிக்கடி போகிற சரக்கைக் கைக்கெட்டும் தூரத்திலும், எப்போதோ கேட்கும் சரக்கைப் பின்னால் குடோனிலும் வைத்திருப்பார். கார்த்திகை வந்தால் பொரியும் வெல்லமும் தானாக முன்னால் வரும். பண்டிகை முடிந்ததும் பின்னால் போகும். ராம் டிஸ்க் போடுவது, அந்த முன்பக்க அலமாரியில் பாதியைப் பூட்டி, ‘இதில் நான் சொன்ன சரக்கு மட்டும்தான் இருக்க வேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும்’ என்று அவரிடம் சொல்வது.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியில் இருக்கும் 4 ஜிபி கோப்பு ஒன்றை முழுதாகப் படிக்கச் சொல்லி நேரம் பாருங்கள். முதல் முறை 8 செகண்டு ஆகலாம், ஏனென்றால் சாட்டாவின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 எம்பியில் நின்றுவிடும். உடனே அதே கட்டளையை மறுபடி அடித்தால் ஒரு செகண்டிலோ அதற்கும் முன்பாகவோ முடிந்துவிடும். இடையில் யாரும் ராம் டிஸ்க் போடவில்லை. இதை அறியாமல் முதல் ஓட்டத்தை டிஸ்கிலும் இரண்டாவது ஓட்டத்தை ராம் டிஸ்கிலும் அளந்துவிட்டு, ‘எட்டு மடங்கு வேகம்’ என்று முடிவு கட்டுபவர்கள் பலர். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சூடான கேஷோடு அளக்க வேண்டும். அப்படி அளந்தால் படிக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிய வழியும் இல்லை. டெம்ப்எஃப்எஸ் கோப்புகள் குடியிருப்பதும் அதே பேஜ் கேஷில்தான். டிஸ்கில் இருக்கும் கோப்பின் பக்கங்களுக்குப் பின்னால் ஒரு டிஸ்க் பிரதி இருக்கிறது, டெம்ப்எஃப்எஸ் பக்கங்களுக்கு அது இல்லை; வேறுபாடு அவ்வளவுதான்.

“அப்புறம் ஏன்ணா எல்லாரும் ராம் டிஸ்க் ராம் டிஸ்க்னு சொல்றாங்க?”

சொல்ல ஆரம்பித்த காலத்தில் அது உண்மையாக இருந்தது. 1984-இல் ஐபிஎம் பிசி டாஸ் 3.0-உடன் விடிஸ்க் என்ற டிரைவர் வந்தது. அன்றைய டாஸ் நிரல்களுக்கு 640 கிலோபைட்டுக்கு மேல் ராமைத் தொடத் தெரியாது. பிசி ஏடி இயந்திரத்தில் பணம் கொடுத்துக் கூடுதல் ராம் போட்டவருக்கு அதை என்ன செய்வதென்றே தெரியாத நிலை. விடிஸ்க் அந்தக் கூடுதல் ராமை ஒரு டிரைவாகக் காட்டியது. பிளாப்பியில் கரகரவென்று ஓடிய கம்பைலர் அங்கே கண்மூடித் திறப்பதற்குள் ஓடியது. டாஸிடம் இன்றைய பேஜ் கேஷ் மாதிரி எதுவும் இல்லை. சின்னச் சின்ன பஃபர்கள் சில மட்டும். 1985-இல் வந்த அமிகா கணினியிலோ ராம் டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அங்கமாகவே இருந்தது. அன்று அந்த யோசனை சரி. பின்னால் ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் காலி ராமைத் தாங்களே கேஷாக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டன. சூழ்நிலை மாறியது, ஆலோசனை மட்டும் கைமாறிக் கைமாறி அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

படிப்பதைப் பற்றி இவ்வளவு போதும். எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு நிரல் கோப்பில் எழுதினால் அது உடனே டிஸ்குக்குப் போவதில்லை. அதுவும் முதலில் பேஜ் கேஷில்தான் விழுகிறது. ‘எழுதியாச்சு’ என்று நிரலுக்கு அப்போதே பதில் போய்விடும். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி, எழுதப்பட்ட பக்கம் 30 செகண்டு பழையதான பிறகு கெர்னல் அதைச் சாவகாசமாக டிஸ்கில் இறக்கும். ஆகவே சாதாரண எழுத்தும் ராம் வேகத்தில்தான் நடக்கிறது. ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, பத்து செகண்டில் அழித்துவிட்டால், அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் டிஸ்கைத் தொடாமலே பிறந்து இறந்துவிடும்.

ஆனால் எல்லா நிரலும் இப்படி விட்டுவிட முடியாது. ஒருவர் இணையத்தில் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் அந்தப் பரிவர்த்தனையைத் தன் பதிவேட்டுக் கோப்பில் எழுதுகிறது. எழுதிவிட்டு ‘எஃப்சிங்க்’ என்று கெர்னலிடம் கேட்கிறது. ‘கேஷில் இருக்கிறது என்ற கதையெல்லாம் வேண்டாம், டிஸ்கில் பதிந்த பிறகு சொல், அதுவரை காத்திருக்கிறேன்’ என்பது அதன் பொருள். டிஸ்க் ‘பதிந்துவிட்டது’ என்று சொன்ன பிறகுதான் ‘உங்கள் பணம் ஏற்கப்பட்டது’ என்ற வரி வாடிக்கையாளரின் திரைக்குப் போகலாம். நடுவில் மின்சாரம் போனாலும் அந்த வாக்கு நிற்க வேண்டும். தனி ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு எஃப்சிங்குக்கும் தட்டு ஒரு சுற்று வர வேண்டியிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் பரிவர்த்தனைகள் என்றால் விநாடிக்கு 120-ஐத் தாண்டுவது கஷ்டம். டேட்டாபேஸ் திணறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இங்கே ராம் டிஸ்க் உண்மையிலேயே பறக்கும். டெம்ப்எஃப்எஸ்ஸில் எஃப்சிங்க் கேட்டால் அது எதுவும் செய்யாமல் ‘ஆச்சு’ என்று உடனே திரும்பிவிடுகிறது. காத்திருப்பு பூஜ்யம். அந்த வேகம் வந்தது ராம் வேகமானது என்பதால் மட்டுமில்லை. ‘கரண்ட் போனாலும் இருக்கும்’ என்ற வாக்கை நாம் கைவிட்டதால். வாக்கைக் கைவிடத் தயாரென்றால் அதற்கு ராம் டிஸ்க் தேவையில்லை, அளந்து கைவிட டேட்டாபேஸுக்குள்ளேயே வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்தால், வழக்கமான அமைப்பில் சர்வர் விழும்போது அதிகபட்சம் கடைசி 0.6 செகண்டின் பரிவர்த்தனைகள் போகும், டேட்டாபேஸ் சிதையாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியிலும் விநாடிக்கு ஒரு முறை மட்டும் எஃப்சிங்க் செய் என்று சொல்லலாம். எவ்வளவு இழக்கலாம் என்று நீங்களே கோடு போட்டுக்கொள்கிறீர்கள். ராம் டிஸ்கில் கோடு கிடையாது. போனால் அத்தனையும் போகும்.

போஸ்ட்கிரெஸின் ஆவணம் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது: டேபிள்ஸ்பேஸ் ஒன்றை ராம் டிஸ்கில் வைத்தால் ஆபத்து அந்த டேபிள்களுக்கு மட்டுமில்லை, முழு கிளஸ்டரின் நம்பகத்தன்மைக்கே. ‘அந்த ரிப்போர்ட் டேபிள்தானே, போனா மறுபடி உருவாக்கிக்கலாம்’ என்று நினைத்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டேபிள்ஸ்பேஸ் தனியாக வாழும் பொருள் இல்லை. அது காணாமல் போனால் மிச்ச டேட்டாபேஸும் ஒழுங்காக எழுந்திருக்காமல் போகலாம்.

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ராம் டிஸ்கை ஆர்சிங்க் போட்டு டிஸ்குக்குக் காப்பி பண்ணிட்டா?” என்று கேட்டான். கெட்டிக்காரன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சூடான தகவலை ராமில் வைத்து, மாறியதை அவ்வப்போது டிஸ்கில் இறக்குவது பேஜ் கேஷின் வேலை. அது மாறிய பக்கத்தை மட்டும் 30 செகண்டில் இறக்குகிறது. நாம் கிரான் வைத்து அதையே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதுவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கோப்பைப் பிரதி எடுக்கும் ஆபத்தோடு செய்கிறோம். ஒவ்வொரு ரீபூட்டிலும் மொத்த சைட்டையும் மறுபடி ராமில் ஏற்றும் வரை சைட் எழாது. வாடிக்கையாளர் ஏற்றிய படங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்ற குழப்பம் வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் கவலை தரும் பக்கம். பேஜ் கேஷில் இருக்கும் பக்கத்தை நெருக்கடியில் தூக்கி எறியலாம், டிஸ்கில் பிரதி இருக்கிறது. டெம்ப்எஃப்எஸ் பக்கத்தை எறிய முடியாது. ஸ்வாப் இருந்தால் அங்கே தள்ளலாம். அப்படித் தள்ளினால் ராம் டிஸ்க் டிஸ்குக்கே திரும்பி வந்துவிட்டது என்று பொருள். ஸ்வாப் இல்லையென்றால் அப்படியே உட்கார்ந்திருக்கும். ராம் தீர்ந்து கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொல்ல வேண்டிய கட்டம் வந்தால், பாவம், டேட்டாபேஸ்தான் பெரும்பாலும் பலி, அதுதான் பெரிதாக இருக்கும் என்பதால். ஆனால் நிரலைக் கொன்றாலும் டெம்ப்எஃப்எஸ் கோப்பு அழியாது. ராமை அடைத்துக்கொண்டிருந்தது அந்தக் கோப்பு, செத்தது வேறொருவர். மறுபடி எழுந்த டேட்டாபேஸும் அதே நெருக்கடியில்தான் எழும். ‘ஃப்ரீ’ கட்டளையில் இந்த இடம் ‘ஷேர்டு’ என்ற பத்தியில் தெரியும். அதே சமயம் ‘பஃப்/கேஷ்’ கணக்கிலும் சேர்ந்துகொள்ளும். கேஷ்தானே, தேவைப்பட்டால் விடுவித்துக்கொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம்.

கன்டெய்னரில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக வலிக்கும். 2 ஜிபி வரம்பு போட்ட கன்டெய்னருக்குள் டெம்ப்எஃப்எஸ்ஸில் ஒன்றரை ஜிபி எழுதினால், அது அந்த 2 ஜிபியில்தான் கழியும். குபர்னெட்டீஸில் எம்ப்டிடிர்ரை மெமரியில் வைத்தாலும் இதே கணக்குதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் ‘டெம்ப்’ அடைவே இயல்பாக டெம்ப்எஃப்எஸ் ஆகிவிட்டது, ராமில் பாதி வரை வளரலாம் என்ற வரம்போடு. 1 ஜிபி ராம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில், பழைய பழக்கத்தில் டேட்டாபேஸ் டம்ப்பை அங்கே எடுப்பவர்கள் இனி ‘வார்’ அடைவுக்குள் இருக்கும் டெம்ப்பில் எடுப்பது நல்லது.

“அப்ப ராம் டிஸ்கே வேண்டாமா?”

அப்படியில்லை. அழிந்தால் யாருக்கும் நஷ்டமில்லாத, ஆனால் அடிக்கடி எழுதப்படும் தகவலுக்கு அது அருமையான இடம். சோதனைக்காக டேட்டாபேஸை எழுப்பி, நூற்றுக்கணக்கான டெஸ்ட் ஓட்டி, முடிந்ததும் தூக்கிப் போடுகிறீர்களா? அதை டெம்ப்எஃப்எஸ்ஸில் வையுங்கள். எஃப்சிங்க் காத்திருப்பு மொத்தமாக மறைந்து, டெஸ்ட் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும். எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பையில் லாக் கோப்புகளை ராமில் வைப்பதும் நியாயமே, அங்கே நோக்கம் வேகமில்லை, கார்டு தேய்ந்து போகாமல் காப்பது. போஸ்ட்கிரெஸே நல்ல உதாரணம் ஒன்றைத் தருகிறது. புள்ளிவிவரங்களைத் திரட்டும் தனிப் பிராசஸ் ஒன்று அதில் இருந்தது. அது ஒரு தற்காலிகக் கோப்பை ஓயாமல் திருப்பித் திருப்பி எழுதும். அந்தக் கோப்பின் அடைவை ராம் டிஸ்கில் வைத்தால் வேகம் கூடும் என்று ஆவணமே பரிந்துரைத்தது. தற்காலிகத் தகவல், ஓயாத எழுத்து, பொருத்தம் சரி. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அந்தப் புள்ளிவிவரங்களைக் கோப்பு வழியே அனுப்பாமல் நேரடியாகப் பகிர்வு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். அந்தப் பிராசஸும் போனது, அந்த அமைப்பும் போனது. செஷனை ரெடிஸில் வைப்பதும், பிஹெச்பி தன் கோடை ஆப்கேஷில் வைப்பதும் அதே வழிதான்: கோப்பு என்ற வேஷம் இல்லாமல், ராமை ராமாகவே பயன்படுத்துவது.

இனி அவனுடைய சர்வருக்கு வருவோம். சைட் மெதுவாக இருக்கிறது என்பதுதானே மூலப் பிரச்சினை. டிஸ்கால்தான் மெதுவா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் வர 200 மில்லி செகண்டு ஆகி, அதில் டிஸ்குக்காகக் காத்தது 2 மில்லி செகண்டு என்றால், டிஸ்கை எல்லையற்ற வேகமாக்கினாலும் மிச்சம் 198. ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இது. இன்றைக்கும் எந்தச் செலவையும் யோசிக்கும் முன்பு போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. லினக்ஸ் 4.20-இலிருந்து இதைப் பார்ப்பது எளிது. ‘ப்ராக்’ அடைவில் ‘ப்ரெஷர்’ என்ற கோப்புறைக்குள் ‘ஐஓ’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ‘சம்’ என்று தொடங்கும் வரி, கடந்த 10, 60, 300 செகண்டுகளில் எத்தனை சதவீத நேரம் ஏதோ ஒரு வேலையாவது டிஸ்குக்காக முடங்கி நின்றது என்று சொல்லும். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ராம் டிஸ்க் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கோடையும், இண்டெக்ஸ் இல்லாத குவெரியையும் தேடிப் போகலாம்.

அவனுடையதில் பூஜ்யம் இல்லை. 60 செகண்டுக் கணக்கில் 30-ஐத் தாண்டி நின்றது. 51 ஜிபி கேஷ் இருக்கும்போது டிஸ்குக்காக யார் காத்திருக்கிறார்கள்? ‘ஐயோடாப்’பில் பார்த்தால் மைஎஸ்கியூஎல், அதுவும் எழுதவில்லை, படித்துக்கொண்டிருக்கிறது. கான்ஃபிக் கோப்பைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. இன்னோடிபிக்கு ஓ-டைரக்ட் போட்டிருந்தார்கள். அதாவது, தன் டேட்டா கோப்புகளைப் படிக்கும்போது பேஜ் கேஷைத் தவிர்த்து நேரே டிஸ்கிடம் போ என்ற கட்டளை. தவறான அமைப்பு இல்லை அது. இன்னோடிபிக்குத் தன் டேபிள்களில் எது சூடு என்று கெர்னலைவிட நன்றாகத் தெரியும், ஒரே பக்கம் இரண்டு இடத்தில் கிடப்பதும் தவிரும். ஆனால் அது தன் சொந்தக் கேஷான பஃபர் பூலுக்குப் போதிய ராம் கொடுத்திருந்தால்தான் பொருந்தும். பஃபர் பூல் அளவோ, மைஎஸ்கியூஎல் நிறுவும்போது இயல்பாக வரும் 128 எம்பியிலேயே கிடந்தது. டேட்டாபேஸ் 20 ஜிபி. கேஷில் இருந்த 51 ஜிபியில் பெரும்பகுதி, சைட்டின் படங்களும் ராத்திரி பேக்கப் படித்துவிட்டுப் போன கோப்புகளும்.

பஃபர் பூலை 24 ஜிபியாக உயர்த்தச் சொன்னேன். மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து இதற்கு டேட்டாபேஸை நிறுத்த வேண்டியதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். உயர்த்திய உடனே வேகம் வராது. டேபிள்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டு பூல் நிரம்ப நேரம் பிடிக்கும், அதுவரை ‘ஐஓ’ கோப்பின் எண் மெல்லத்தான் இறங்கும். அதே அளவைக் கான்ஃபிக் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடி 128 எம்பிக்கே போய்விடும்.